அஞ்சலைக்காகப் பேசப் போனேன்

அக்டோபர் 20, 1931. செவ்வாய்

மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. அவருடைய ஆபீஸ் சட்டை இரண்டும் சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு ரயில்வே கூட்ஸ் ஆபீசுக்குப் போவாரோ, அவர் பாடு.

இன்று என் பெயரை நானே அச்சுக் கோர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அச்சுத் தொழிலாளர் கூட்டத்துக்கான நோட்டீஸ். ‘பேசுவோர்’ என்பதன் கீழ் நாலு ஆண்கள், ஐந்தாவதாக நான். ‘திருமதி சிவகாமி அம்மாள்’ என்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போது ஒரு எழுத்தைத் தலைகீழாக வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஊரார் பெயரெல்லாம் கோர்த்தாயிற்று, இதற்கு மட்டும் என்ன தடுமாற்றமோ!

போர்மன் பிள்ளை (இனிமேல் போ.பி., முழுசாக எழுதி மாளாது) புரூஃபைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“பேரை இப்படிப் பச்சையாப் போடலாமாம்மா? நாலு பேர் கையில போற காகிதம்.”

அடித்துவிட்டு, ‘ஸ்ரீமான் துரைசாமி அவர்களின் மனைவியார்’ என்று எழுதிக் கொடுத்தார். பிரித்து மறுபடி கோர்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. “நேரமாகுது” என்று மட்டும் முனகினேன். கேட்டிருக்காது.

இந்த அச்சகத்தில் எழுத்துப் பெட்டி முன்னால் நிற்கும் ஒரே பெண் நான். அப்பாவுக்குக் கண் மங்கியபோது அவர் இடத்துக்கு வந்தவள். அதனால் சங்கத்தில் அப்பாவின் இடமும் எனக்கு வந்தது. அங்கேயும் ஒரே பெண். சங்கக் காரியதரிசி கோவிந்தசாமிக்கு இது பெரிய பெருமை. “ஸ்திரீகள் மேடை ஏறணும்லா! நம்ம தொழில்ல எந்த ஸ்திரீ பேசியிருக்கா? நீங்கதான் முதல்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். வீட்டில் இவரும் அதே பாட்டு.

எனக்கு மேடை ஆசை கிடையாது. இந்தத் தடவை ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. வேலை மிகவும் குறைந்துவிட்டது. தீபாவளிக்குள் மூன்று பேர் போக வேண்டும், யார் என்று உங்களுக்குள்ளேயே முடிவு செய்து சொல்லுங்கள் என்று முதலாளி போ.பி.யிடம் விட்டுவிட்டார். அதைத்தான் ஞாயிறன்று கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். பைண்டிங்கில் இருக்கும் மூன்று பெண்களைத்தான் கை காட்டுவார்கள். எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளைப்பூண்டு வாங்க மறந்துவிட்டேன்.


அக்டோபர் 21, புதன்

வெயில். சட்டை காய்ந்தது.

மதியம் பைண்டிங் அறையின் பின்னால் உட்கார்ந்து நானும் அஞ்சலையும் சாப்பிட்டோம். அவள் கொண்டு வந்தது சோறும் கருவாட்டுச் சம்பலும். என் டப்பாவில் கத்தரிக்காய். வழக்கம்போல் மாற்றிக்கொண்டோம். அவளுக்கு இருபத்தைந்து, ஆறு இருக்கும். காப்பார் பக்கம் ஒரு கித்தா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் காய்ச்சலில் போனபிறகு அங்கே கங்காணியின் தொல்லை தாங்காமல் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். புத்தகம் மடிக்கவும் தைக்கவும் இங்கேதான் கற்றாள். பைண்டிங்கில் மற்ற இருவருக்கும் புருஷன் ரயில்வேயில். இவளுக்குத்தான் ஒருவரும் இல்லை.

“வேலை போச்சுன்னா என்ன செய்வே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தோட்டத்துல எல்லாம் ஆளைக் குறைக்கிறாங்க அக்கா. யாரு எடுப்பா? சும்மா இருக்கறவங்கள இலவசக் கப்பல்ல ஊருக்கு அனுப்புறாங்களாமே. எந்த ஊருக்குப் போறது? எங்கம்மா வயித்துல என்னைச் சுமந்துக்கிட்டு கடல் தாண்டி இங்க வந்தாங்க. ஊரு பேரைத் தவிர ஒண்ணும் தெரியாது எனக்கு.”

பேச்சோடு பேச்சாக அவள் சொன்னதிலிருந்துதான் யோசனை பிறந்தது. கித்தா விலை விழ ஆரம்பித்தபோது அவள் தோட்டத்தில் முதலில் யாரையும் அனுப்பவில்லையாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் வெட்டு. எல்லாருக்கும் அரை வயிறு, ஆனால் எல்லாருக்கும் வேலை. நான் சாப்பாட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இங்கேயும் அதைச் செய்தால் என்ன? அவ்வளவுகூட வேண்டாம். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் மூன்று பேரும் நிற்கலாம்.

“நீ கூட்டத்துல சொல்லு அக்கா. எங்களை உள்ள விட்டாலும் பேச விடமாட்டாங்க. உனக்குத்தான் மேடை குடுத்திருக்காங்களே.”

“சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்.”

தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்.


அக்டோபர் 23, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. ஒத்திகை.

அவர் நாற்காலியில் சபை மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கையில் தம்ளரும் கரண்டியும். ஐந்து நிமிஷம் ஆனதும் கரண்டியால் தட்டுவார். கூட்டத்தில் மணி அடிப்பார்கள்.

நான் எடுத்த எடுப்பிலேயே ஆளுக்கு ஒரு நாள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டார்.

“என்ன சிவகாமி, சண்டைக்கு வந்தவ மாதிரி! முதல்ல சபையை வணங்க வேண்டாமா? பொம்பளை வேற. மரியாதை தெரியாதவன்னு ஒரு பேரு வந்துட்டா அப்புறம் நீ சொல்றது ஒண்ணும் காதுல ஏறாது.”

சரியாகத்தான் பட்டது. போன வருஷம் ஒரு பேச்சாளர் உபதலைவரை விட்டுவிட்டார். உபதலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்றுவரை இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பேசியது என்ன என்று ஒருவருக்கும் நினைவில்லை, விட்டுப்போன பெயர் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நம் சனங்கள் இப்படி.

ஆகவே வரிசை:

அக்கிராசனாதிபதி
உபதலைவர் (மறக்கவே கூடாது!!)
காரியதரிசி, பொக்கிஷதார்
முதலாளி
டாக்டர் ஐயா (வருவாராம்)
போ.பி.
சகோதரர்கள்
தாய்மார்கள் (ஓரமாக உட்காருவார்கள்)

இதற்கு நடுவே ‘கற்றறிந்த பெரியோர் நிறைந்த இச்சபையில் சிற்றறிவுடைய பெண்பேதையாகிய அடியாள்’ என்று வேறு. இதையெல்லாம் யார் சொல்லியும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எத்தனை பேருடைய பேச்சை இந்தக் கை கோர்த்திருக்கிறது! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அவர் மிகவும் ரசித்தார். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். விஷயத்துக்கு வரும்போது சோறு பொங்கி வழிந்துவிட்டது.


அக்டோபர் 25, ஞாயிறு. காலை

தலைக்குக் குளித்தேன். நீல நிறப் புடவையா, அரக்கா? அரக்கு.


அதே நாள், மாலை

முடிந்தது. பேசினேன். மணி அடித்துவிட்டது.

கூட்டம் நிறைய. மாலை போட்டார்கள். நல்ல கைதட்டல். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அந்த விஷயம் சொல்ல முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் என்னதான் பேச முடியும்?

அடுத்துத் தீர்மானம் படித்தார்கள். பைண்டிங் பெண்கள் மூவர். கை தூக்கினார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

வரும் வழியில் அவர் அல்வா வாங்கினார். தலை வலிக்கிறது.


அக்டோபர் 26, திங்கள்

அச்சகத்துக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவு பாராட்டு. மெஷின் ஓட்டும் கந்தசாமி மையும் கையுமாக வந்து கும்பிட்டார். “அக்கா, ஒரு எடத்துலகூடத் தடுமாறலையே!” உபதலைவரைப் பற்றிச் சொன்ன அழகை இன்னொருவர் திருப்பிச் சொல்லிக் காட்டினார். போ.பி. எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: “அடக்கம்னா இதுதான்யா அடக்கம். பொம்பளைங்க மேடை ஏறினா குடும்பம் கெட்டுடும்னு சொல்றவன் எல்லாம் வந்து பார்த்திருக்கணும்.”

காது கூசியது. சிரித்து வைத்தேன்.

அஞ்சலை முகத்தில் விழிக்காமல் மதியம்வரை ஓட்டினேன். சாப்பாட்டு வேளைக்கு எங்கே போவது? டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“நல்லாத்தான் பேசுன அக்கா. அந்த ஒரு நாள் விஷயம் இப்ப வரும், இப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சட்டுனு ‘வணக்கம்’னு சொல்லிட்டியா, எனக்கு ஒண்ணும் புரியல.”

“மணி அடிச்சிட்டாங்க அஞ்சலை.”

“ஆமா, மணி அடிச்சிச்சு.”

அப்படிச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பலை என் பக்கம் தள்ளினாள். நான் டப்பாவை மூடினேன்.


அக்டோபர் 28, புதன்

மழை. சாக்கடை நிரம்பி ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல்வரை தண்ணீர்.

இன்று கூட்டத்தின் செய்தியை எங்கள் அச்சகத்தில் வரும் பத்திரிகைக்குக் கோர்த்தேன். யார் எழுதினார்களோ. ‘பின்னர் ஸ்ரீமான் துரைசாமி அவர்களின் மனைவியார், சபையோர் வியக்கும்வண்ணம் இனிய குரலில் அழகுறப் பேசி அமர்ந்தார். தொழிற்றுறையில் மாதர்கள் துணிந்து பேச முன்வருவதற்கு இது நன்முன்மாதிரியாகும்.’ அதற்கடுத்த வரி: ‘பிறகு ஆட்குறைப்புத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.’

ஏகமனதாக. அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்க வைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதில் என் மனதும் சேர்ந்துதானே.

ஞாயிறு அன்று இந்த நோட்டில் பொய் எழுதினேன். வேறு யாரும் படிக்காத நோட்டிலேயே பொய். என்ன பிறவி நான்!

நடந்தது இது. மணி அடித்தார்கள், உண்மை. நான் பாதியில் நின்றேன். அக்கிராசனாதிபதி ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனுஷர். மணியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, “அம்மா அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டுப் பேசட்டும். நமக்கு இது புதுசு” என்றார். சபை ‘ஆகா’ என்றது. கை தட்டினார்கள். எல்லா முகமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. போ.பி.கூட. முதல் வரிசையில் என் வீட்டுக்காரர், பூரித்துப்போய். ஓரத்தில் சுவரோடு ஒட்டி அஞ்சலை, கழுத்தை நீட்டிக்கொண்டு.

வாயைத் திறந்தேன். விஷயத்தைச் சொன்னால் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விடும். ‘ஆளுக்கு ஒரு நாள் விட்டுக் கொடுங்கள்’ என்று சொன்ன மறுகணமே, ‘பார்த்தியா, இடம் குடுத்தா இதுதான்’ என்பார்கள். இப்போதுதானே நல்ல பெண் என்றார்கள். அந்தப் பெயர் இன்னும் சூடு ஆறவில்லை. அதைக் கையை விட்டு நழுவவிட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். பயம்கூட இல்லை. ஆசை.

“இதுவே போதும், நன்றி, வணக்கம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலை அதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், மணி காரணம் இல்லை என்று. தெரிந்துதான் “ஆமா, மணி அடிச்சிச்சு” என்று சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்கு!


நவம்பர் 3, செவ்வாய்

சனிக்கிழமையோடு பைண்டிங் அறை காலி. போ.பி. மூவருக்கும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துண்டும் கொடுத்து அனுப்பினார். அஞ்சலை தன் ஊசியையும் மெழுகையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். யாராவது வந்தால் உதவும் என்றாளாம்.

இனிமேல் என்ன சொல்லி என்ன? தீர்மானம் ஆகிவிட்டது, பத்திரிகையிலும் வந்துவிட்டது. இப்போது போய்ச் சொன்னால் சபையை அவமதித்த மாதிரி ஆகும். இவர் அப்படித்தான் சொல்கிறார். இவரிடம் நான் முழுசும் சொல்லவில்லை. “அப்படி ஒரு யோசனை இருந்தது” என்று மட்டும். “அடுத்த வருஷம் சொல்லலாமே” என்றார் பாவம், நல்ல மனதோடு.

புது விஷயம். காரியதரிசி கோவிந்தசாமி வீடு தேடி வந்தார். கிள்ளானில் மாதர் கூட்டம். தமிழ்ப் பள்ளிக்கூடக் கொட்டகையில், பதினைந்தாம் தேதி ஞாயிறு. நான் பேச வேண்டுமாம். தலைப்பு: ‘தொழில் செய்யும் மாதர் துணிந்து பேசுதல்’.

“உங்களை விட்டா ஆரு இருக்கா? அனுபவசாலி!”

அனுபவசாலி. காப்பியை அவர் கையில் கொட்டாமல் கொடுத்தேன்.

முடியாது என்றேன். இவர் முகம் வாடியது. சரி என்றேன். பார், இதற்கும் எனக்கு வாய் வரவில்லை.


நவம்பர் 5, வியாழன்

மீன் வாங்கப் பாசாருக்குப் போன இடத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். சீனத் தவுக்கே முதலாளி ஒருவரிடம் துணி துவைக்கும் வேலை கேட்டுவிட்டு வருகிறாள். கிடைக்கவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. அவள் போகும்வரை பரங்கிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரன், “வாங்கப் போறியா இல்லையா?” என்றான். வாங்கினேன். வீட்டில் யாருக்கும் பரங்கிக்காய் பிடிக்காது.


நவம்பர் 8, ஞாயிறு. தீபாவளி

விடியலில் எண்ணெய்க் குளியல். அதிரசம் சரியாக வரவில்லை, பாகு பதம் தவறிவிட்டது. முறுக்கு பரவாயில்லை.

மனசு கேட்கவில்லை. பலகாரத்தைக் கட்டிக்கொண்டு கம்பத்துக் குடியிருப்பில் அஞ்சலை தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனேன். அவள் பெண் ருக்கு புதுப் பாவாடை கட்டியிருந்தாள். அஞ்சலையின் பழைய புடவையில் தைத்தது.

“வா அக்கா, வா! நானே வரணும்னு இருந்தேன். லேபர் ஆபீஸ்ல பேரு குடுத்துட்டேன். திங்கக்கிழமை கப்பல். இந்தத் திங்க இல்ல, அடுத்தது. முந்தின நாளே துறைமுகத்துக்கு வந்துடணுமாம்.”

சாதாரணமாகச் சொன்னாள், சந்தைக்குப் போகிறவள் மாதிரி.

“அங்க யாரு இருக்கா?”

“அம்மாவோட தம்பி ஒருத்தரு இருந்தாராம். இருந்தா பார்ப்பேன்.”

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்கலாம். ‘மணி இல்லை அஞ்சலை, நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் கொழுக்கட்டை. ருக்குவுக்கு அதிரசம் ஊட்டிக்கொண்டிருந்தேன். “கெட்டியா இருக்கு” என்றது குழந்தை. மூன்று பேரும் சிரித்தோம்.


நவம்பர் 12, வியாழன்

கிள்ளான் நோட்டீஸ் வந்தது. வேறு அச்சகம். என் பெயரைப் பெரிய எழுத்தில் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். சிவகாமி அம்மாள். ‘கா’ கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கவனிக்கவில்லை போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன்.

பேச்சு இன்னும் எழுதவில்லை. என்ன எழுத? ‘பெண்களே, அஞ்சாதீர்கள்’ என்று ஆரம்பித்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு!


நவம்பர் 15, ஞாயிறு. கிள்ளானிலிருந்து திரும்பி

நிதானமாக எழுத வேண்டும். விளக்கில் எண்ணெய் இருக்கிறது.

காலை ரயில். ஸ்டேஷனில் அவர் டிக்கெட் வாங்கப் போனார். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை, ருக்கு, ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள். அதே ரயில். நாங்கள் கிள்ளானில் இறங்குவோம், அவள் அதற்கும் அப்பால் துறைமுகம்வரை. எப்படி எனக்கு இது முன்பே தோன்றவில்லை? தேதி எல்லாம் தெரியும். தோன்றக் கூடாது என்றே இருந்திருப்பேன்.

ஒரே பெட்டியில் உட்கார்ந்தோம். அவர் எதிர்ப் பலகையில் செய்தித்தாள். ருக்கு என் மடியில் ஏறிக்கொண்டு ஜன்னலை விட்டு அகலவில்லை. கித்தா மரம் வந்தால், “அம்மா, நம்ம தோட்டமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது. “இது இல்லடி” என்று ஒவ்வொரு தடவையும் அஞ்சலை பதில் சொன்னாள்.

“கிள்ளான்ல என்ன அக்கா?”

“கூட்டம். பேசணுமாம்.”

“என்ன பேசப் போற?”

சொல்லாமல் இருக்க முடியாதே. “பொம்பளைங்க வேலை செய்யற எடத்துல தைரியமாப் பேசணும்னு.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பேசு அக்கா. உனக்குக் குரல் நல்லா இருக்கு” என்றாள்.

அப்போது சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே. “அன்னிக்கு மணி இல்ல அஞ்சலை. தலைவரு இன்னும் பேசச் சொன்னாரு. நான்தான் உக்காந்துட்டேன். நல்ல பேரு போயிடும்னு உக்காந்துட்டேன்.”

“தெரியும் அக்கா.”

“அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா? நீ அழுவ. உன்னைத் தேத்தறதுக்கு எனக்கு எங்க தெம்பு இருக்கு?”

அவர் செய்தித்தாளை இறக்கினார். மறுபடி தூக்கிக்கொண்டார். பக்கத்தைப் புரட்டவே இல்லை.

கிள்ளானில் இறங்கினோம். ருக்கு கையை ஆட்டிக்கொண்டே போனது. அஞ்சலை ஆட்டவில்லை, பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாளை விடிந்ததும் கப்பல் கிளம்பிவிடும்.

கூட்டம். கொட்டகை நிறையப் பெண்கள். தோட்டத்திலிருந்து புல் வெட்டுகிறவர்கள், பால் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், ஒரு நர்ஸ், வாத்தியாரம்மா. ஆண்கள் பின்னால் ஒரு பத்துப் பேர், காரியதரிசி கோவிந்தசாமி நடுநாயகமாக. எழுந்தேன். அக்கிராசனாதிபதி அம்மாள் அவர்களே என்று சொன்னதோடு சரி. மற்ற பெயர்களெல்லாம் நாக்கில் தயாராக நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். அஞ்சலையைச் சொன்னேன். ஒரு நாள் யோசனையைச் சொன்னேன். மாலை, மணி, நான் உட்கார்ந்தது, அல்வா தின்றது எல்லாவற்றையும். பாதியில் அழுகை. மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினேன். அசிங்கம்தான்.

யாரும் கை தட்டவில்லை. வாத்தியாரம்மா தரையைப் பார்த்தார். காரியதரிசி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளே கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. சொல்லிவிட்டேனே, பெரிய காரியம் செய்துவிட்டேனே என்று! அந்த நினைப்பு ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

புல் வெட்டுகிற ஒரு அம்மா, நாலாவது வரிசையில், உட்கார்ந்தபடியே கேட்டாள். கையில் வெற்றிலைக் கறை.

“ஏம்மா, இதை இங்க எங்ககிட்ட வந்து சொல்றியே. நீ வேலை செய்யற எடத்துல சொன்னியா?”

“இல்ல.”

“ஒருத்தர்கிட்டயுமா?”

“இல்ல.”

“அப்பறம்?”

அவ்வளவுதான் கேட்டாள். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருபது நாளாக நான் வெட்கப்பட்டேன், அழுதேன், எழுதினேன், தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒரே ஒரு நாள் போ.பி.யின் மேசைவரை நடக்கவில்லை. பத்தடி தூரம் இருக்குமா?

திரும்பி வந்து பிரிக்பீல்ட்ஸில் நடக்கும்போது அவர், “நான்தான் உன்னை வணக்கம் வணக்கம்னு போட்டுக் குழப்பினேன்” என்றார். இல்லை என்றேன். உங்கள் மேல் போட்டுத் தப்பிக்கவும் எனக்கு மனசு இல்லை என்றேன். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.


நவம்பர் 16, திங்கள்

மழை இல்லை. விடிந்தாயிற்று, கப்பல் கிளம்பியிருக்கும்.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். எல்லாரும் வரட்டும் என்று காத்திருந்து, வந்தபின் சொன்னேன். பையைக்கூட ஆணியில் மாட்டவில்லை. போர்மன் பிள்ளை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நேரே மேசை முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, மூணு பேரை அனுப்பினது தப்பு. ஆளுக்கு வாரத்துல ஒரு நாள் விட்டுக் குடுத்திருந்தா யாரையும் அனுப்பியிருக்க வேண்டாம். என் நாளை நான் முதல்ல குடுக்கறேன். இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும். சொல்லல.”

குரல் கீச்சென்று வந்தது. கந்தசாமி மெஷினை நிறுத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். சரி, வரட்டும், திட்டட்டும், சபை மரியாதை தெரியாதவள் என்று சொல்லட்டும், வேலையே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சண்டைக்கு முழுசாகத் தயாராகப் போயிருந்தேன்.

போர்மன் பிள்ளை வெற்றிலையைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. இன்னொரு தடவை எண்ணினார்.

“ஆளுக்கு ஒரு நாளா? வருதே.”

“எனக்குச் சம்மதந்தான் அண்ணே,” என்றார் கந்தசாமி. “ஒரு நாள்தானே. அந்தப் பொண்ணுங்களை அனுப்பினதிலேருந்து எனக்கும் மனசு சரியில்ல.”

மூலையிலிருந்து இன்னொருவர், “எனக்கும்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஒரே ஒருவர்கூட.

“இதைத்தான் அன்னிக்குப் பேச வந்தியாம்மா?” போர்மன் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிச்சிருப்போமே. எங்களுக்கும் வேற வழி தெரியாமத்தானே கையைத் தூக்கினோம்? சரி, போனது போகட்டும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.”

எழுந்து பைண்டிங் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே தூசி. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு.

“அஞ்சலை பக்கத்துலதானே இருக்கா? ஓடிப் போய்க் கையோட கூட்டிட்டு வா.”